நூற்று எழுபத்திரண்டு, எழுத்தால்

ஜனவரி 11

அன்புள்ள மச்சானுக்கு,

முதலில் என் கையெழுத்தைப் பொறுத்துக்கொள். கோடு போட்ட தாளில்தான் எழுதுகிறேன், அப்படியும் வரி மேட்டில் ஏறிப் பள்ளத்தில் இறங்குகிறது. சில எழுத்து கொழுத்தும் சில எழுத்து பட்டினி கிடந்ததைப் போலவும் இருக்கும். ஆனால் எல்லாம் நானே எழுதியது. மாலை வகுப்பு டீச்சர் பிழை திருத்தித் தருவதாகச் சொன்னார். வேண்டாம் என்றுவிட்டேன். பிழை கண்டுபிடிக்கிற சந்தோஷம் உனக்கே இருக்கட்டும்.

நாங்கள் நலம். உன் அக்காவுக்கு முழங்கால் வலி மழைக்கு வரும், வெயிலுக்கும் வரும். உன் இடுப்பு எப்படி இருக்கிறது? கடையில் நாள் பூராவும் குனிந்தே நிற்காதே.

விஷயம் இதுதான். சின்னவளுக்கு ஜூன் மாதம் எங்கள் துப்பாக்கி சுடும் கழகத்தில் அணித் தேர்வு. நீ கொடுத்த காற்றுத் துப்பாக்கியில்தான் சுடுகிறாள். போன வருஷம் வரைக்கும் குண்டு இலக்கின் நட்ட நடுவில், பத்து பத்தாக விழுந்தது. இப்போது இரண்டு பத்து விழுந்தால் அடுத்தது மேலே ஏறி ஒன்பதில் போய் உட்காருகிறது. இடது வலது போவதில்லை, மேலே மட்டும்தான். கோச், "துப்பாக்கியில ஒண்ணும் இல்ல, உன் மனசுதான் நிலையா இல்ல" என்கிறார். தேர்வு வரைக்கும் இப்படியே போனால் அவள் இடத்தை வேறு பெண்ணுக்குக் கொடுத்துவிடுவேன் என்றும் சொல்லிவிட்டார். கழகத்துத் துப்பாக்கியில் சுட வைத்துப் பார்த்தார்கள். அதன் பின்னால் தோளில் வைக்கிற கட்டை அவளுக்குப் பொருந்தவில்லை, அதில் இன்னும் மோசம். அவள் வீட்டில் சரியாகப் பேசுவதில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டு மூச்சு விடப் பழகுகிறாள்.

கோபித்துக்கொள்ளாதே, நீ பார்த்துப் பார்த்துப் பூட்டிக் கொடுத்த துப்பாக்கியை நான் குறை சொல்லவில்லை. குண்டு ஒவ்வொரு தடவையும் ஒரே வேகத்தில் போகிறதா என்று அளந்துவிட்டால் ஒரு பேச்சு தீர்ந்துவிடும். அதற்கு குரோனோகிராஃப் என்று ஒரு கருவி இருக்கிறதாம். கழகத்துக்கே ஒன்று வாங்கலாம் என்று செயலாளர் சொல்கிறார். "உங்க மச்சான் துப்பாக்கி ரிப்பேர்காரர்தான, எது வாங்கணும்னு கேளுங்க" என்றார். "எழுதிக் கேக்கிறேன்" என்றேன். "எழுதுவீங்களா" என்று என்னை ஏற இறங்கப் பார்த்தார். சுடுதளத்தைக் கூட்டிப் பெருக்கி இலக்கு அட்டை மாட்டுகிறவன் எழுதக் கூடாதா.

போன் பண்ணாதே. போனில் பேசினால் எனக்கு எழுத்து எப்போது பழகும்?

இப்படிக்கு,
உன் அத்தான்


ஜனவரி 23

அன்புள்ள அத்தானுக்கு வணக்கம்.

இங்கே எல்லோரும் நலம். இடுப்பு இருக்கிறது, அதனால் வலியும் இருக்கிறது. என் அக்காவைக் கட்டிக்கொண்ட நாளிலிருந்து உங்களிடமிருந்து எனக்கு வந்த முதல் கடிதம் இது. கடைக்கு வந்தவர்களுக்கெல்லாம் படித்துக் காட்டினேன். பிழை பதினொன்று. ஒன்றை நான்தான் தவறாக எண்ணினேன் என்று என் மனைவி சொல்கிறாள், அவள் எப்போதும் உங்கள் கட்சி.

குரோனோகிராஃப் பெரிய வித்தை இல்லை. அதற்கு இரண்டு கண். குண்டு முதல் கண்ணைத் தாண்டியதும் கடிகாரம் ஓடத் தொடங்கும், இரண்டாவது கண்ணைத் தாண்டியதும் நின்றுவிடும். அந்த நேரத்தை வைத்து ஒரு நொடிக்கு எத்தனை மீட்டர் என்று அதுவே கணக்குப் போட்டுக் காட்டும். கடையில் மூன்று ரகம் கிடைக்கிறது. ஒன்று ரேடார். அது உங்களுக்கு வேண்டாம், பத்து மீட்டர் கூடத்துக்கு அது யானை. இரண்டாவது, மேலே இரண்டு வெள்ளைக் குடை வைத்தது. அது வெட்டவெளியில், வானத்து வெளிச்சத்தில் வேலை செய்வதற்கென்று செய்தது. மூன்றாவது, குழாய் மாதிரி சின்னதாக, துப்பாக்கி முனையிலேயே மாட்டுவது. தன் வெளிச்சத்தைத் தானே வைத்திருக்கும். உங்கள் கூடத்துக்கு அதுதான். குடை வைத்ததை வாங்க வேண்டாம். திரும்பவும் எழுதுகிறேன், குடை வைத்தது வேண்டாம்.

துப்பாக்கியைப் பற்றி எழுதியிருந்தீர்கள். சிலிண்டரிலிருந்து வரும் காற்றை ஒவ்வொரு குண்டுக்கும் ஒரே அளவாக அளந்து விடுகிற ரெகுலேட்டரை நானே பிரித்து, வால்வு சீட் மாற்றிப் பூட்டினேன். என் அக்கா மகளுக்காகச் செய்த வேலை அது. அளந்து பாருங்கள், உங்கள் திருப்திக்கு.

இப்படிக்கு,
தங்கள் மைத்துனன்


பிப்ரவரி 8

அன்புள்ள மச்சானுக்கு,

எல்லோரும் சுகம். என் சுகம் மட்டும் இந்த வாரம் செயலாளரால் கெட்டுவிட்டது.

குடை வைத்ததைத்தான் வாங்கி வந்திருக்கிறார். உன் கடிதத்தை எடுத்துக்கொண்டு போய், விரல் வைத்து, அந்த வரியை அவருக்கு வாய்விட்டுப் படித்துக் காட்டியிருந்தேன். "கேட்டேன் பெரியவரே, ஞாபகம் இருக்கு. ஆனா அந்தக் குழாய் விசில் மாதிரி இருக்கு. கழகத்துக்கு ஒரு பொருள் வாங்கினா நாலு பேருக்குக் கண்ணுல பட வேணாமா?" என்கிறார். நன்றாகக் கண்ணில் படுகிறது. கூடத்தின் நடுவில் துணி காயப்போடுகிற கொடி மாதிரி நிற்கிறது.

முதல் குண்டுக்குப் பிழை என்று காட்டியது. இரண்டாவது குண்டுக்கு ஆயிரத்து இருநூறு என்று காட்டியது. கோச் சிரித்தார். "இந்த வேகத்துல போனா குண்டு நிலாவுக்குப் போயிடும்" என்றார். மூன்றாவதாக யாருமே சுடவில்லை, அதுவாகவே ஒரு எண் காட்டியது.

நான் கிட்டே போய்ப் பார்த்தேன். இரண்டு கண்ணின் மேலும் கடையில் ஒட்டி வந்த பிளாஸ்டிக் தாள் அப்படியே இருக்கிறது. பிரிக்கலாமா என்று கேட்டதற்குச் செயலாளர் பதறிவிட்டார். "புதுப் பொருள் பெரியவரே, தூசி படும், இருக்கட்டும்" என்றார். அவர் வீட்டுக்கு நான் போயிருக்கிறேன். டிவி ரிமோட்டுக்கும் உறை, அந்த உறைக்கும் ஒரு உறை. மனிதரிடம் என்ன பேசுவது?

சின்னவள் இதையெல்லாம் பார்த்துவிட்டுத் துப்பாக்கியைப் பெட்டியில் வைத்தாள். "விடுங்கப்பா, கோச் சொல்றதுதான் சரி, எனக்குத்தான் ஏதோ ஆயிடுச்சு" என்கிறாள். எனக்கு அந்தக் கருவி பேசியே ஆக வேண்டும்.

என்ன செய்வது என்று விளக்கமாக எழுது. நீளமாக எழுது, எனக்கு இப்போது ஒரு பக்கம் தேநீர் ஆறுவதற்குள் முடிந்துவிடுகிறது.

உன் அத்தான்


பிப்ரவரி 19

அன்புள்ள அத்தானுக்கு வணக்கம்.

உங்கள் செயலாளரை என் கடைக்கு அனுப்பி வையுங்கள். அவருக்கும் ஒரு உறை தைத்துக் கொடுக்கிறேன்.

முதலில் அந்தப் பிளாஸ்டிக் தாளைப் பிரியுங்கள். அவர் தேநீர் குடிக்கப் போகும்போது பிரியுங்கள். கண்ணைக் கட்டிவிட்டுப் பார்க்கச் சொன்னால் எது பார்க்கும்? அடுத்தது, உங்கள் கூடத்து ட்யூப் லைட். நம் கண்ணுக்கு அது ஒரே சீராக எரிவது போலத் தெரியும், உண்மையில் விட்டு விட்டு எரிகிறது. கருவி அந்தத் துடிப்பையே குண்டு என்று நினைத்துக்கொள்ளும். யாரும் சுடாமல் எண் வந்தது அதனால்தான். ட்யூப் லைட் எல்லாவற்றையும் அணையுங்கள். பழைய குண்டு பல்பு இரண்டு வாங்கி, ஒவ்வொரு குடைக்கும் மேலே ஒன்றாகத் தொங்கவிடுங்கள்.

துப்பாக்கி முனையிலிருந்து கருவி ஒரு ஆள் கை நீட்டும் தூரத்துக்கு மேல் தள்ளி இருக்க வேண்டும். கிட்டே வைத்தால் குண்டோடு வருகிற காற்றும் கண்ணில் படும். குண்டு இரண்டு கண்ணுக்கும் நேர் மேலே, ஒரே உயரத்தில் போக வேண்டும். முன்னால் உயர்ந்து பின்னால் தாழ்ந்தால் கணக்கு மாறும். சுடுவதற்கு முன்னால் துப்பாக்கிக் குழாயின் வழியாகப் பார்த்து, வழியில் கம்பியோ குடையோ நிற்கவில்லை என்று உறுதி செய்துகொள்ளுங்கள். இது முக்கியம். தன் குரோனோகிராஃபையே சுட்டுக்கொள்ளாத ஆள் குறைவு.

அவளிடம் சொல்லுங்கள், மாமா கொடுத்த துப்பாக்கியில் பயப்பட ஒன்றும் இல்லை என்று.

தங்கள் மைத்துனன்


மார்ச் 7

அன்புள்ள மச்சானுக்கு,

நலம், நலமறிய ஆவல் என்று எழுதும்படி டீச்சர் சொல்லித் தந்தார். எழுதிவிட்டேன். இனி என் வயிற்றெரிச்சலைக் கேள்.

தாளைப் பிரித்தேன். செயலாளர் கண்டுபிடித்துவிட்டார், இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. குண்டு பல்பு இந்தக் காலத்தில் எந்தக் கடையிலும் இல்லை. ஒரு கடைக்காரர் என்னைப் பார்த்து, "பெரியவரே, எந்தக் காலத்துல இருந்து வர்றீங்க" என்றார். கடைசியில் கோழிக்குஞ்சுக்குச் சூடு வைக்கிற பல்பு இரண்டு கிடைத்தது. ட்யூப் லைட்டை அணைத்து, இவை இரண்டையும் தொங்கவிட்டேன். கூடம் முழுக்கக் கோழிப் பண்ணை மாதிரி மஞ்சளாக ஆகிவிட்டது. ஆனால் கருவி அமைதியாகிவிட்டது. சும்மா இருக்கும்போது எண் காட்டவில்லை. என் மனம் குளிர்ந்தது.

அப்போது செயலாளர், "தள்ளுங்க, முதல் குண்டு நான்தான்" என்றார். குழாய் வழியாகப் பாருங்கள் என்றேன். "நான் சுட ஆரம்பிச்சப்போ இந்தக் கோச்சே பொறக்கல" என்றார். சுட்டார். டப் என்று சத்தம். கருவியின் நெற்றியில், எண் காட்டுகிற கண்ணாடிக்கு மேலே, பொட்டு வைத்தது போலக் குழி. ஒரு விரல் கீழே இறங்கியிருந்தால் எல்லாம் முடிந்திருக்கும். அவர் கிட்டே போய்ப் பார்த்துவிட்டு, "பிளாஸ்டிக் இருந்திருந்தா தாங்கியிருக்கும்" என்கிறார்.

மச்சான், நான் சிரிப்பதா அழுவதா.

உள்ளே ஒரு ஒயர் விட்டுப்போயிருக்கிறது. ரேடியோ ரிப்பேர்காரரிடம் கொடுத்திருக்கிறோம். அவர் நாளை என்கிறார். அவருடைய நாளை எந்த மாதத்தில் வரும் என்று தெரியவில்லை. தேர்வு நெருங்குகிறது. கோச் இன்னொரு பெண்ணைச் சின்னவளின் இடத்தில் நிறுத்திப் பழக்க ஆரம்பித்துவிட்டார். அந்தப் பெண்ணும் நல்ல பெண்தான், எனக்கு இலக்கு அட்டை எடுத்துக் கொடுக்கும். அதனால் திட்டவும் முடியவில்லை.

உன் அத்தான்


மார்ச் 28

அன்புள்ள மச்சானுக்கு,

உன் அக்கா நலம். நான் நலம் என்று எழுதக் கை வரவில்லை, ஆனாலும் உடம்புக்கு ஒன்றும் இல்லை.

கருவி திரும்பி வந்தது. சரியாக வைத்தோம். குழாய் வழியாக நானே இரண்டு தடவை பார்த்தேன். கோச் சின்னவளின் துப்பாக்கியை எடுத்து மடமடவென்று சுட்டார், செயலாளர் வேகவேகமாக எழுதினார். அந்த எண்களை உனக்காக எழுத்திலேயே எழுதுகிறேன். வகுப்பில் இப்போது அதுதான் பாடம். நூற்று எழுபத்திரண்டு. நூற்று எழுபத்திரண்டு. நூற்று எழுபத்து மூன்று. நூற்று எழுபத்திரண்டு. நூற்று எழுபத்தொன்று. நூற்று எழுபத்திரண்டு. இலக்கிலும் எல்லாம் பத்து.

"பாத்தீங்களா, தங்கம் மாதிரி துப்பாக்கி" என்றார் கோச். அவர் கெட்டவர் இல்லை. சின்னவளைத் தனியாகக் கூப்பிட்டு நல்லவிதமாகத்தான் சொன்னார். "பதறாத. ஒவ்வொரு குண்டுக்கும் முன்னால இன்னும் கொஞ்சம் காத்திரு. துப்பாக்கியக் கீழ வை, மூச்ச விடு, மறுபடி எடு." அவள் தலையை ஆட்டினாள். செயலாளர் கருவியை எடுத்து வைத்த பிறகு அப்படியே சுட்டாள். மூன்றாவது குண்டு மேலே போய் ஒன்பதில் விழுந்தது.

துப்பாக்கிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு எனக்கு முன்னால் வீட்டுக்கு நடந்தாள். கதவைத் திறக்கும்போது, "கருவி வந்தா தெரிஞ்சிடும்னீங்க. தெரிஞ்சிடுச்சில்ல" என்றாள்.

இத்தனை மாதம் முட்டி மோதி, என் மகள் மேல்தான் குறை என்று நானே நிரூபித்துக் கொடுத்தது போல ஆகிவிட்டது.

உன் அத்தான்


ஏப்ரல் 5

அன்புள்ள அத்தானுக்கு வணக்கம்.

நலம். கடிதம் கிடைத்தது. எண்களைப் பார்த்தேன். என் வேலையில் சந்தேகம் வேண்டாம் என்று ஆரம்பத்திலேயே எழுதியிருந்தேன். பரவாயில்லை, பெற்ற மனம். அவளைக் கொஞ்ச நாள் சுட விடாமல் ஓய்வு எடுக்கச் சொல்லுங்கள். சிலருக்கு ஒரு வயதில் இப்படித்தான் தடுமாறும், பிறகு தானாகச் சரியாகும். அக்காவுக்கு முழங்காலுக்குத் தைலம் அனுப்புகிறேன்.

தங்கள் மைத்துனன்


ஏப்ரல் 20

அன்புள்ள மச்சானுக்கு,

தைலம் வந்தது. உன் அக்கா முழங்காலில் பூசுகிறாள், நாற்றம் எனக்கு.

நீ ஓய்வு என்று எழுதியதை நான் அவளிடம் சொல்லவில்லை. அவள் ஓய்வை விரும்புகிற பெண் இல்லை. போன ஞாயிற்றுக்கிழமை கூடத்தில் யாரும் இல்லை. செயலாளருக்குப் பல்வலி. "நானே சுட்டு ஒரு தடவ பாத்துக்கறேன்பா, நீங்க எண்ண எழுதுங்க" என்றாள். எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. கழகத்துக் காரியத்துக்கு நான் எழுதுவது இதுதான் முதல் தடவை. அவள் கண் இலக்கில் இருந்தது, எண்ணைப் பார்த்தது நான்தான். செயலாளரைப் போல அவசரமாகக் கிறுக்காமல், ஒவ்வொன்றையும் எழுத்தால் எழுதினேன். எழுதி முடித்ததும் "ம்" என்பேன், அவள் அடுத்த குண்டைச் சுடுவாள்.

எழுதியது இது. நூற்று எழுபத்திரண்டு. நூற்று எண்பது. நூற்று எழுபத்தெட்டு. நூற்று எண்பத்தொன்று. நூற்று எழுபத்தொன்பது.

முதலாவதைத் தவிர ஒன்றும் பழைய எண் இல்லை. மறுநாள் செயலாளரிடமும் கோச்சிடமும் காட்டினேன். செயலாளர் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு, "பெரியவரே, எண்ண மாத்தி எழுதிட்டீங்க" என்றார். "எண்ணா எழுதினா ஒண்ணும் ரெண்டும் மாறும், எழுத்தால எழுதினது எப்படிங்க மாறும்?" என்றேன். கோச் என் தோளில் கை வைத்து, "நீங்க எழுதப் படிக்கக் கத்துக்கிட்டதே பெரிய விஷயம். இதெல்லாம் இன்னும் ரெண்டு வகுப்பு தாண்டி வெச்சுக்கலாம்" என்றார். அங்கே இருந்தவர்கள் எல்லாம் சிரித்தார்கள். அன்பாகத்தான் சிரித்தார்கள், அதுதான் இன்னும் எரிகிறது.

நான் கண்ணால் பார்த்ததை எழுதினேன். செயலாளர் எழுதினால் ஒரே எண், நான் எழுதினால் வேறு வேறு எண். துப்பாக்கிக்கு ஆள் பார்த்து ஓடத் தெரியுமா? நீ துப்பாக்கிக்காரன், நீ சொல். உடனே எழுது.

உன் அத்தான்


மே 14

அன்புள்ள மச்சானுக்கு,

உன்னிடமிருந்து பதில் இல்லை. கடிதம் தொலைந்திருக்கும் என்றேன். உன் அக்கா, "அவன் பதில் எழுதாத ஆள் இல்லையே" என்றாள். உடம்புக்கு ஒன்றும் இல்லையே?

உன் பதிலுக்குக் காத்திருக்காமல் சின்னவளே கண்டுபிடித்துவிட்டாள். நான் திரும்பத் திரும்ப அதையே புலம்பிக்கொண்டிருந்தேன், அவள் ஒரு நாள் திடீரென்று என் முகத்தைப் பார்த்து, "அப்பா, ஒரு எண்ண எழுத்தால எழுத உங்களுக்கு எவ்வளவு நேரம் ஆகும்?" என்றாள். எனக்குக் கோபம் வந்தது. இவளும் கேலி செய்கிறாள் என்று நினைத்தேன். அவள் என்னைக் கையோடு கூடத்துக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

மடமடவென்று சுட்டாள். எல்லாம் நூற்று எழுபத்திரண்டை ஒட்டியே வந்தது. பிறகு ஒவ்வொரு குண்டுக்கும் நடுவில், நான் எழுதுகிற நேரம் அளவுக்குச் சும்மா நின்றாள். நூற்று எண்பது. இன்னும் கொஞ்சம் நின்றாள். நூற்று எண்பத்து மூன்று. காத்திருக்கக் காத்திருக்க ஏறுகிறது. "தண்ணிக் குழாய இறுக்கி மூடினப்புறமும் சொட்டுமே, அது மாதிரி ரெகுலேட்டர் வால்வுல காத்து கசியுதுப்பா. அதான், நேரம் ஆக ஆக உள்ள காத்து சேருது, குண்டு வேகமாப் போய் மேல விழுது" என்றாள். கோச் படபடவென்று சுட்டதால் அவருக்குத் தெரியவில்லை. செயலாளர் வேகமாக எழுதியதால் அவருக்கும் தெரியவில்லை. அவள் தேர்வில் சுடுவது போல நின்று நிதானித்து, இல்லை என்றால் என்னைப் போல ஒரு ஆள் உட்கார்ந்து எழுதினால்தான் அது வெளியே வரும். காத்திரு காத்திரு என்று கோச் சொன்ன ஒவ்வொரு தடவையும் அவளை மேலே தள்ளியிருக்கிறார்.

நான் உடனே கோச்சைத் தேடிப் போயிருப்பேன். என் எழுத்து சரி என்று அந்தக் கூடத்தின் நடுவில் நின்று சொல்லியிருப்பேன். அவள்தான் கையைப் பிடித்துக்கொண்டாள். "யாருகிட்டயும் சொல்ல வேணாம்பா. இங்க பாதித் துப்பாக்கி மாமா கடைக்குத்தான் ரிப்பேருக்குப் போகுது." கருவியை மடக்கி வைத்துவிட்டு வீட்டுக்கு வந்தோம்.

இதை உன்னைக் குத்திக்காட்ட எழுதவில்லை. தேர்வுக்கு இன்னும் கொஞ்ச நாள்தான் இருக்கிறது. என்ன செய்யலாம் என்று மட்டும் எழுது.

உன் அத்தான்


மே 30

அன்புள்ள அத்தானுக்கு வணக்கம்.

நலம். கடையில் வேலை அதிகம், அதனால் எழுத முடியவில்லை.

இத்துடன் வரும் பெட்டியில் ஒரு ரெகுலேட்டர் இருக்கிறது. அதைப் பிரிக்க வேண்டாம், அப்படியே முழுதாக மாட்டலாம். முதலில் சிலிண்டரைக் கழற்றி, உள்ளே மிச்சமிருக்கும் காற்று எல்லாம் வெளியேறிய பிறகே திருகாணியைத் தொட வேண்டும். அவளுக்கு முறை தெரியும். பழையதைத் திருப்பி அனுப்ப வேண்டாம்.

மாட்டியதும் அளந்து பாருங்கள். வேகமாக அளக்க வேண்டாம். அவள் சுடட்டும், நீங்கள் எழுதுங்கள், எழுத்தால். எண்களை எனக்கு அனுப்புங்கள்.

ஏப்ரலில் நீங்கள் எழுதிய எண்களில் ஒன்றும் தப்பு இல்லை.

அக்காவைக் கேட்டதாகச் சொல்லுங்கள்.

தங்கள் மைத்துனன்


ஜூன் 21

அன்புள்ள மச்சானுக்கு,

எல்லோரும் சுகம். உன் கடிதத்தை நான் எத்தனை தடவை படித்தேன் என்று உன் அக்கா உனக்குச் சொல்வாள், அவளை நம்பாதே.

பெட்டியைப் பிரித்ததும் சின்னவள் அந்தச் சாமானை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "இது மாமாவோட சொந்தத் துப்பாக்கியில இருந்தது" என்றாள். எப்படித் தெரியும் என்றேன். தெரியும் என்றாள். நான் உன்னிடம் அதைப் பற்றி எதுவும் கேட்கப் போவதில்லை. அவளே மாட்டினாள், நான் விளக்கைப் பிடித்தேன். பிறகு நீ சொன்னது போல உட்கார்ந்து எழுதினேன். வேண்டுமென்றே இன்னும் மெதுவாக, கொம்பு, சுழி எல்லாம் அழகாக வைத்து எழுதினேன். நூற்று எழுபத்திரண்டு. நூற்று எழுபத்தொன்று. நூற்று எழுபத்திரண்டு. நூற்று எழுபத்திரண்டு. நடுவில் ஒரு தடவை எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன். அப்போதும் நூற்று எழுபத்திரண்டு.

தேர்வு வியாழக்கிழமை நடந்தது. எங்களையெல்லாம் கண்ணாடிக்கு வெளியே நிறுத்திவிட்டார்கள். அவள் ஒவ்வொரு குண்டுக்கும் முன்னால் துப்பாக்கியைக் கீழே வைத்தாள், மூச்சு விட்டாள், எடுத்தாள். எனக்குப் பொறுமை போய்விட்டது. சுட்டுத் தொலையேன் என்று கண்ணாடியைத் தட்டப் பார்த்தேன். உன் அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டாள். மூன்று பேரை எடுத்தார்கள். மூன்றாவதாக அவளைக் கூப்பிட்டார்கள். கோச் பழக்கிய அந்த இன்னொரு பெண் நான்காவது. அது வந்து இவளைக் கட்டிக்கொண்டது. எனக்கு யாருக்காக அழுவது என்றே தெரியவில்லை.

பிறகு நடந்ததை எழுதாமல் விட முடியாது. கோச் எல்லார் முன்னாலும் சின்னவளின் முதுகில் தட்டி, "காத்திரு காத்திருன்னு தலபாடா அடிச்சுக்கிட்டேன். இப்பத்தான் நான் சொன்னதக் கேட்டிருக்க" என்றார். நான் வாயைத் திறந்தேன். சின்னவள் என் காலை மிதித்தாள். கனமான சப்பாத்து போட்டிருந்தாள், நகம் இன்னும் கறுப்பாக இருக்கிறது. அதோடு விட்டதா? செயலாளர் என் பக்கம் திரும்பி, "நல்லவேள, பெரியவர் எழுதின எண்ண நம்பி துப்பாக்கியத் தூக்கிப் போடாம விட்டோம்" என்றார். கூடமே சிரித்தது. கால் இன்னும் சப்பாத்துக்குக் கீழேதான் இருந்தது. நானும் சிரித்தேன். "ஆமாங்க, வயசாயிடுச்சு, எண்ணு மாறிடுச்சு" என்றேன். அந்தச் சொல்லைச் சொல்லி முடிக்க எனக்கு ஒரு பக்கம் எழுதுகிற நேரம் ஆனது.

நான் எழுதியது சரி என்று உனக்கு ஒருவனுக்காவது தெரியும், அது போதும் என்று இங்கே எழுதலாம் என்று நினைத்தேன். போதவில்லை. நாளைக்கும் அந்தக் கூடத்தைக் கூட்டப் போகும்போது அவர் முகத்தைப் பார்க்க வேண்டும், பல்வலி விசாரிக்க வேண்டும். ஆனால் சின்னவள் நேற்று சாப்பிடும்போது வாய் ஓயாமல் பேசினாள். சுவரைப் பார்த்து உட்காரவில்லை. அதனால் அவர் சிரித்துக்கொள்ளட்டும்.

கழகத்திலிருந்து இன்னும் இரண்டு துப்பாக்கி உனக்கு வருகிறது. செயலாளர்தான் கட்டி அனுப்புகிறார், ஒவ்வொன்றுக்கும் மூன்று உறை. பிரிக்கவே உனக்கு அரை நாள் போகும். அவற்றைப் பூட்டிய பிறகு, அவசரப்படாமல் நின்று அளந்து பார்.

விரல் மடங்க மாட்டேன் என்கிறது. கோச் அவளை எங்கெல்லாம் கூட்டிப் போகப் போகிறார், யார் யார் கூடப் போகிறார்கள் என்பதெல்லாம் பாக்கி இருக்கிறது. அடுத்த வாரம் உட்கார்ந்து எழுதுகிறேன். அதற்குள் உன் இடுப்பைப் பார்த்துக்கொள்.

இப்படிக்கு,
உன் அத்தான்